கணக்குக் கிலோவோடு நிறுத்தினால் வேலை போகுமா?

கேள்வி: கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். ஒரு நாள் கூலிக்குப் பறிக்க வேண்டிய கணக்கு 25 கிலோ. சீசனில் 50, 60 கிலோகூடப் பறிப்போம். கணக்குக்கு மேல் வரும் கிலோவுக்குத் தனிக் காசு உண்டு. அந்தக் காசைத் திடீரென்று குறைத்துவிட்டார்கள். நாங்கள் 32 பெண்கள் பேசிவைத்து, 25 கிலோ ஆனதும் பறிப்பதை நிறுத்தினோம். ஒரு வாரம் பார்த்துவிட்டு, இன்னும் சூடு பிடிக்கட்டும் என்று சிலர் 15, 18 கிலோவோடு நிறுத்தினார்கள். இப்போது எல்லோருக்கும் மூன்று நாள் அரைக்கூலி பிடித்துவிட்டார்கள். ஆறு பேருக்கு மலையாளத்தில் மெமோ வந்திருக்கிறது. “விதிப்படி வேலை செய்தால் சட்டமே காப்பாற்றும், ஆளுக்கு 2,000 ரூபாய் கொடுங்கள், கேஸ் நடத்தித் தருகிறேன்” என்று ஒருவர் லயத்துக்கு (எஸ்டேட் குடியிருப்புக்கு) வந்து சொல்கிறார். நம்பலாமா? எங்கள் வேலை போகுமா?

பதில்: முதலில் அந்த 2,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள் அம்மா. ஏற்கனவே கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள். ரசீது கேட்டவுடன் பேச்சு மாறினால் உங்கள் கேள்வியில் பாதிக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். “விதிப்படி வேலை”, அதாவது விதி கேட்பதற்கு மேல் எதுவும் செய்யாமல் இருப்பது என்று நம் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு எழுதிவைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால் அது பொய். அந்த வார்த்தையே சட்டத்தில் கிடையாது. எழுதியிருப்பது அதற்கு நேர் எதிரான ஒன்று: “வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வது”. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் அது தொழிலாளர் தரப்பின் முறையற்ற செயல் என்று பட்டியலில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. 1961இல் ஒரு சர்க்கரை ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம், இது வேலைநிறுத்தத்தைவிட மோசம், வேலை செய்வதுபோல் காட்டி முழுக்கூலி கேட்பதை நேர்மையில்லாத செயல் என்று சொன்னாலும் தப்பில்லை என்கிற அளவுக்குப் போய்விட்டது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஒவ்வொரு நிர்வாகமும் மெமோவோடு அந்தத் தீர்ப்பைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறது.

ஆனால் “வேண்டுமென்றே மெதுவாக” என்றால் எதைவிட மெதுவாக? உங்கள் பிரச்சினை முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. நீங்கள் செய்ததை இரண்டு வாரமாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் வாரம் நீங்கள் 25 கிலோ கொடுத்தீர்கள். அதுதான் ஒப்பந்தம் கேட்கும் அளவு என்றால், கேட்டதைக் கொடுத்துவிட்டீர்கள். அதற்கு மேல் பறிப்பது காசுக்காக நீங்களாகச் செய்வது. அது கடமை இல்லை. காசைக் குறைத்தால் ஆசை குறையும், அதில் குற்றம் என்ன? “நேற்று வரை 50 கிலோ பறித்தாயே” என்று நிர்வாகம் கேட்கும். கேட்கட்டும். வழக்கமாகப் பறித்த கிலோதான் கடமை என்று காட்ட வேண்டிய பாரம் அவர்கள் மேல். 25 என்பது எழுத்தில் இருக்கும்போது அது லேசான காரியமில்லை. அந்த நாட்களுக்கு ஒரு பைசா கூலி பிடிக்க வழியில்லை என்பது என் கருத்து.

ஒரு சிக்கல். பறித்துக்கொண்டிருக்கும்போது மணி மூன்றுக்கு 25 ஆகிவிட்டது, உடனே கூடையை இறக்கிவிட்டு லயத்துக்கு நடந்தீர்களா? அப்படியானால் அது வேறு குற்றச்சாட்டு. வேலை நேரம் முடியும் வரை தேயிலைக் காட்டில்தான் நிற்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் நல்ல கேஸ்கள் எத்தனையோ கெட்டுப்போயிருக்கின்றன.

இரண்டாவது வாரம் 15, 18 கிலோ. அதைத்தான் சட்டம் மெதுவேலை என்கிறது. அதுவும் “சூடு பிடிக்கட்டும்” என்று பேசிவைத்துச் செய்தது. அந்த நாட்களைக் காப்பாற்ற என்னிடம் வாதம் எதுவும் இல்லை. ஒரே ஒரு கதவு உண்டு: அந்த ஃபீல்டில் அன்றைக்கு 25 கிலோ கொழுந்து இருந்ததா? கவாத்து வெட்டிய காடா, மழை பொய்த்த வாரமா, ஒரு ரவுண்டு பறிப்பு முடிந்து நாலே நாளில் அதே காட்டில் திரும்ப இறக்கினார்களா? அதே காட்டில் அதே நாளில் உங்களோடு பேசிவைத்துச் சேராத பெண்கள் எத்தனை கிலோ கொடுத்தார்கள் என்பதை விசாரணையில் முதல் கேள்வியாகக் கேட்பார்கள். அவர்களும் 17, 18தான் என்றால் கொழுந்துதான் இல்லை. அவர்கள் 40 கொடுத்திருந்தால் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. நிறுவைச் சீட்டு ஒன்றையும் தொலைக்காதீர்கள். 32 பேருக்கும் சேர்த்து ஒரே மெமோ எழுதி, ஒரே தண்டனை கொடுக்க முடியாது. ஒவ்வொருவர் கிலோவும் தனித்தனியாகக் காட்டப்பட வேண்டும்.

அரைக்கூலிப் பிடித்தத்துக்கு வருகிறேன். சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. சூப்பர்வைசரின் கோபம் அதில் இல்லை. அபராதம் என்றால் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், அதுவும் அந்தச் சம்பளக் காலத்தின் கூலியில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போகக் கூடாது. வேலைக்கு வந்தும் செய்ய மறுத்தவரை வராதவராகக் கணக்கிடலாம் என்று ஒரு விதி உண்டு. வங்கி ஊழியர்கள் நாலு மணி நேரம் வேலைநிறுத்தம் செய்த வழக்கில், 1990இல் உச்ச நீதிமன்றம் முழுநாள் சம்பளம் பிடித்ததைச் சரி என்றுதான் சொன்னது. ஆனால் அவர்கள் வேலையையே நிறுத்தினார்கள். நீங்கள் நிறுத்தவில்லை, குறைத்தீர்கள். 25 கொடுத்த நாளுக்கும் 15 கொடுத்த நாளுக்கும் ஒரே கத்தரியால் அரைக்கூலி வெட்டியது நிர்வாகத்தின் பலவீனம். அதைக் கேளுங்கள், தனித்தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், தனிக் காசைத் திடீரென்று குறைத்தார்கள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதமே அதுதான். கூலி விஷயத்தில் நிர்வாகம் தன்னிஷ்டத்துக்கு மாற்றம் செய்ய வேண்டுமென்றால் 21 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்தார்களா? ஒருவேளை உங்கள் சங்கத் தலைவர்களே புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அந்தக் காசைக் குறைக்கச் சம்மதித்திருந்தால் நோட்டீஸ் தேவையில்லை. லேபர் ஆபீசர் முன்னால் போட்ட ஒப்பந்தம் என்றால் சங்கத்தில் இல்லாதவரையும் கட்டும். 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10க்குக் குறைத்தபோது தேயிலைத் தோட்டப் பெண்கள் கம்பெனி மேல் கோபப்பட்ட அளவுக்குச் சங்கங்கள் மேலும் ஏன் கோபப்பட்டார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். “அதெல்லாம் ஆபீசில் இருக்கு” என்றால் விடாதீர்கள்.

இனி மெமோ. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். மலையாளத்தில் எழுதிய எந்தத் தாளிலும், அதை ஒருவர் வரிக்கு வரி தமிழில் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். “கிடைத்தது” என்று தமிழிலேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். நான் பார்த்த ஒரு கேஸில், வருகைப் பதிவு என்று சொல்லி ஒரு அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அது “மற்றவர்கள் சொன்னதால் வேண்டுமென்றே குறைவாகப் பறித்தேன், மன்னிக்கவும்” என்ற ஒப்புதல். விசாரணையில் வேறு சாட்சியே வேண்டியிருக்கவில்லை. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். கேட்டுப் பாருங்கள், பதில் மலையாளத்தில்தான் வரும், அதை வைத்து இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். என்றாலும் எழுதுங்கள். எஸ்டேட் கம்பெனியை இந்தச் சட்டம் கட்டாது, ஆனால் உள்விசாரணை உங்களுக்குப் புரியும் மொழியில் நடக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரு சக தொழிலாளியைத் துணைக்கு வைத்துக்கொள்ளவும் கேளுங்கள். விசாரணை முடியும் வரை சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாள் பாதிக் கூலி, அதற்கு மேல் முக்கால் கூலி கொடுத்தாக வேண்டும்.

லயத்துக்கு வந்த அந்த மனிதரைப் பற்றி. லேபர் ஆபீசில் சமரசப் பேச்சுக்கு வக்கீல் வரவே கூடாது என்பது சட்டம். மனு கொடுக்கக் கட்டணம் கிடையாது. தொழில் தகராறை விசாரிக்கும் ட்ரிபியூனலில்கூட எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிபதியும் அனுமதித்தால்தான் வக்கீல். அப்படியிருக்க இந்த 64,000 ரூபாய் எதற்கு? இவர்கள் அடுத்து வெற்று வக்காலத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அதற்கு அடுத்து, “ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கிராஜுவிட்டியோடு நல்ல தொகை பேசி வாங்கித் தருகிறேன்” என்பார்கள். அந்தத் தாளோடு வேலையும் போகும், லயமும் போகும். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கம்பம் ஊரிலிருந்து வருகிறவர் தமிழ் பேசுகிறார், நம்ம ஆள் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டு லேபர் ஆபீசில் மனுப் போட்டுத் தருவதாகச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். எஸ்டேட் எந்த மாநிலத்திலோ அந்த மாநில அதிகாரிதான். “கேரள அரசு புதிய சட்டத்தை ஏற்கவில்லை, அதனால் உங்களுக்குப் பழைய சட்டம்தான்” என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. அரசு 2025இல் எதிர்த்தது உண்மை. மத்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதும் உண்மை. நிர்வாகம் எதைக் கையில் எடுக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக வேலை நடந்தாலும் மெதுவேலை ஆகாத ஒரு இடம் உண்டு. பூச்சிமருந்தடிக்கக் கூப்பிடுகிறார்கள், கையுறை இல்லை, முகமூடி இல்லை. தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010இல் சேர்த்த பகுதியே பூச்சிமருந்துப் பாதுகாப்புக்காகத்தான். தொழில் பாதுகாப்புக்கான புதிய சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்பு உடை எல்லாம் முதலாளி செய்ய வேண்டியவை. அவை இல்லாமல் மருந்தடிக்க மாட்டேன் என்று நிற்பது, உண்மையான அர்த்தத்தில் விதிப்படி வேலை. அதற்கும் சில பழக்கங்கள் வேண்டும். காலையில் பெயர் பதியும் மஸ்டரிலேயே, காட்டுக்குப் போகும் முன், நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். “வேறு வேலை கொடுங்கள், செய்கிறேன்” என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கையுறை வந்த நிமிடம் வேலையைத் தொடங்குங்கள். முக்கியமாக, இதைக் கிலோக் காசோடு முடிச்சுப் போடாதீர்கள். “காசைக் கூட்டினால் முகமூடி இல்லாமலே அடிக்கிறோம்” என்று ஒரு பெண் விளையாட்டாகச் சொன்னாலும் பாதுகாப்பு வாதம் அத்தோடு செத்தது. ஓவர்டைமும் ஏறக்குறைய அப்படித்தான். அதே பாதுகாப்புத் தொகுப்பில் அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும், இரட்டைக் கூலியும் வேண்டும்.

“எல்லோரும் ஒரே நாள் லீவு போட்டுவிடலாம்” என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து கேஷுவல் லீவு எடுத்தால் புதிய தொழில் உறவுகள் சட்டத்தில் அதற்குப் பெயர் வேலைநிறுத்தம். முன்னறிவிப்பு கொடுத்து 14 நாள் கழியாமல் அதைச் செய்தால் சட்டவிரோதம். ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறையும் உண்டு.

வேலை போகுமா என்று கேட்டீர்கள். முன்பு ஒரு புகாரும் இல்லாத தொழிலாளியை, நாலு நாள் கிலோ குறைந்ததற்காக டிஸ்மிஸ் செய்தால், தண்டனை அதிகம் என்று குறைக்கும் அதிகாரம் ட்ரிபியூனலுக்கு உண்டு. பெரும்பாலும் குறைப்பார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு வரும்போது உங்கள் மகள் கல்லூரி முடித்திருப்பாள். ஆகவே டிஸ்மிஸ் வரை போகவிடாமல் பார்ப்பதுதான் புத்தி. அதற்கு வழி, நாளைக்கே எல்லோரும் 25 கிலோவுக்குக் குறையாமல் பறிக்கத் தொடங்குவதும், தனிக் காசு குறைத்ததையும் அரைக்கூலியையும் பற்றி மாவட்ட லேபர் ஆபீசருக்கு எழுத்தில் கொடுப்பதும்தான். சமரசப் பேச்சு நடக்கும்போது, அந்தத் தகராறோடு சம்பந்தப்பட்ட விஷயத்துக்காக அதிகாரியின் எழுத்து அனுமதி இல்லாமல் உங்களைத் தண்டிக்க முடியாது. இதுதான் சட்டம் தரும் உண்மையான குடை. ஆனால் புதிய சட்டத்தில், முதல் பேச்சு நடக்கும் நாளில்தான் அந்தக் குடை விரியும். நீங்கள் மனுக் கொடுத்த நாளில் இல்லை. ஆபீசர் தேதி போடுவதற்குள் இரண்டு ரவுண்டு கொழுந்து பறித்து முடித்துவிடலாம். தேதி போட்ட அன்று நிர்வாகத்தின் ஆள் வர மாட்டார், இன்னொரு தேதி. இப்படி ஒரு காகிதக் குடையைச் செய்து யாருக்குக் கொடுத்தார்கள் என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் மனுவை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி, வாரம் ஒருமுறை யாராவது இருவர் போய் நிற்க வேண்டும்.

மெமோவுக்குப் பதில் இரண்டு மூன்று வரிக்கு மேல் வேண்டாம்: குற்றச்சாட்டை மறுக்கிறேன், எந்தத் தேதியில் எந்த ஃபீல்டில் எத்தனை கிலோ என்ற கணக்கைத் தாருங்கள், மெமோவின் தமிழ்ப் பிரதி வேண்டும். 15 கிலோ பறித்தவர்களும் 25 பறித்தவர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பக் கூடாது. பதில் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த ஆறு பேரும் மெமோ கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் இன்றைக்கே குறித்துவைக்கட்டும்.