இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டக் கோழிக்கூட்டில் முட்டை திருடும் மேக்பை (காக்கை இனத்துக் கறுப்பு வெள்ளைப் பறவை) பறவைகளை ஏர் ரைஃபிளால் (காற்றழுத்தத் துப்பாக்கியால்) சுடலாமா?

சுடலாம். ஆனால் மற்ற வழிகள் பயன் தராதபோது மட்டுமே சட்டம் அதற்கு இடம் தருகிறது. பல ஆண்டுகளாகத் தோட்டத்தில் கோழி வளர்த்துவரும் எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. காலையில் கூட்டைத் திறந்துவிட்டு வேலைக்குச் சென்று மாலையில் திரும்பினால் கோழி முட்டையிடும் பெட்டியில் முட்டை ஓடுகள் மட்டுமே கிடக்கின்றன என்றும், வேலியில் இரண்டு மேக்பைகள் உட்கார்ந்திருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவைதான் திருடுகின்றனவா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேக்பை கொத்திய முட்டையில் பெரும்பாலும் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும். அதன் விளிம்பு உள்நோக்கி உடைந்திருக்கும். உள்ளே மஞ்சள் கரு சிறிது மிச்சமிருக்கும். காகமாக இருந்தால் முட்டையைப் புல்தரைக்குத் தூக்கிச் சென்று குடித்துவிட்டு முட்டையோட்டை அங்கேயே போட்டுவிடும். எலி முட்டையை உருட்டிக்கொண்டு போய்விடுவதால் பல நேரங்களில் ஓடுகூடக் கிடைக்காது. பெட்டியில் விரித்த வைக்கோல் ஈரமாக ஒட்டிக்கொண்டு, ஏதேனும் ஒரு கோழியின் அலகில் மஞ்சள் கரு காய்ந்திருந்தால், திருடன் கூட்டுக்குள்ளேயே இருக்கிறான்; அப்போது எந்தப் பறவையைச் சுட்டாலும் பயனில்லை.

மேக்பைதான் என்று தெரிந்தால், அதன் கண்ணுக்கு முட்டை படாமல் செய்வதே முதல் வேலை. தளம் சரிவாக அமைந்த பெட்டியை வாங்குங்கள் அல்லது செய்துகொள்ளுங்கள். கோழி எழுந்தவுடன் முட்டை மெல்ல உருண்டு மூடிய பின்னறைக்குள் போய்விடும். பெட்டியின் வாயில் தடித்த பிளாஸ்டிக் பட்டைகளைத் திரைபோலத் தொங்கவிட்டால், கோழி சில நாள்களில் பழகி உள்ளே நுழையும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழைய மேக்பை தயங்கும். கூட்டுக்கு வெளியே கோழிகள் உலவும் அடைப்பின் மேற்பக்கத்தையும் வலையால் மூடுங்கள். தீனியைத் திறந்த வெளியில் இறைக்காதீர்கள், ஏனென்றால் அந்தப் பறவைகளை முதலில் உங்கள் தோட்டத்துக்கு வரவழைப்பது பெரும்பாலும் தீனிதான், முட்டை அதற்குப் பிறகு கண்ணில் படுவது. இவற்றை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேக்பை இணைகள் தமக்கென எல்லை வகுத்து வாழ்பவை. இணை சேராத பறவைகள் கூட்டமாக அருகிலேயே காத்திருக்கும். ஓர் இணையைச் சுட்டு அகற்றினால் அந்த இடத்தை வேறோர் இணை பிடித்துக்கொள்ளும். முட்டை கண்ணில் படும்வரை புதிதாக வந்தவையும் அதே வேலையைத்தான் செய்யும்.

இவ்வளவும் செய்தும் இழப்பு தொடர்ந்தால், சட்டத்தை வரி பிசகாமல் படியுங்கள். 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் எல்லாக் காட்டுப் பறவைகளையும் பாதுகாக்கிறது. மேக்பை விஷயத்தில் பொதுவாக விலக்கு தருபவை பொது உரிமங்கள், அதாவது அரசு எல்லோருக்கும் பொதுவாக வெளியிடும் அனுமதிகள். 2019 ஏப்ரலில் பழைய உரிமங்கள் திரும்பப் பெறப்பட்டு, 2021 ஜனவரி முதல் புதியவை நடைமுறைக்கு வந்தன. கால்நடைகளுக்குக் கடுமையான சேதம் ஏற்படுவதைத் தடுப்பதற்கானது ஜி.எல். 42 என்ற பொது உரிமம். உணவுக்காக வளர்க்கும் கோழியும் சட்டத்தின் பார்வையில் கால்நடைதான். அந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் நிபந்தனைகளைப் படித்துப் பின்பற்றுவது உங்கள் பொறுப்பு. வாசகம் திருத்தப்படுவதுண்டு என்பதால் அரசுத் தளத்தில் நடப்பிலிருப்பதையே பாருங்கள். "கடுமையான" என்ற சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: எப்போதோ ஒரு முட்டை போனதற்காக ஓர் உயிரை எடுப்பதை என்னால் ஏற்க முடியாது. வேல்சுக்கும் ஸ்காட்லாந்துக்கும் தனி உரிமங்கள் உள்ளன. ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் ஏர் ரைஃபிள் வைத்திருக்கவே சான்றிதழ் வேண்டும்.

இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல், ஆற்றலுக்கு மேற்படாத ஏர் ரைஃபிளுக்குப் பொதுவாகச் சான்றிதழ் தேவையில்லை. வாங்குபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) உங்கள் எல்லையைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள், அவர்கள் அனுமதியின்றி, போனாலே குற்றம். அதனால் வேலி மேலோ கூரை மேலோ உட்கார்ந்திருக்கும் பறவையை ஒருபோதும் சுடாதீர்கள். அதன் பின்னால் இருப்பது வானம், வானத்துக்கு அப்பால் யாருடைய தோட்டம் என்று உங்களுக்குத் தெரியாது. மண்மேடோ தடித்த மரப்பலகையோ பின்னணியாக இருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, பறவை அங்கே தரையில் இறங்கும்வரை கொட்டகைக்குள் மறைந்து காத்திருங்கள். துப்பாக்கியோடு வரும் மனிதனை மேக்பை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும்.

தோட்டத்தில் பலர் தவறவிடுவது தூரக் கணக்கை. ஸ்கோப் (குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி) குழலுக்கு மேலே ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 25 மீட்டருக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியால் எட்டு மீட்டரில் சுட்டால், பெல்லட் குறிவைத்த புள்ளிக்குக் கீழேதான் படும். மேக்பையின் தலையில் உயிர்நிலையோ இரண்டு சென்டிமீட்டர் அகலம்கூட இருக்காது. அந்தச் சிறு பிசகால் பறவை அலகு சிதைந்து பறந்துபோய் எங்கோ கிடந்து சாகும். ஆகவே நீங்கள் உண்மையில் சுடப்போகும் தூரத்தில் அட்டையை வைத்துப் பயிற்சி செய்யுங்கள். ஒரு நாணய அளவுக்குள் எல்லாப் பெல்லட்டும் விழும்வரை உயிருள்ள எதையும் குறிவைக்காதீர்கள்.

காலத்தையும் பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை மேக்பையின் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும். உரிமம் ஆண்டு முழுவதும் செல்லும் என்றாலும், தாய்ப்பறவையைச் சுட்டுவிட்டுக் குஞ்சுகளைப் பட்டினியில் சாகவிடுவது எனக்குச் சம்மதமில்லை. சுடத்தான் வேண்டுமென்றால் கூடு கட்டத் தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் இந்த முறையை அங்கே பின்பற்ற வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகத்தைத் தடையின்றிக் கொல்லக்கூடிய தீங்குயிர்களோடு சேர்த்திருந்த ஐந்தாம் அட்டவணை, திருத்தச் சட்டத்தின் மூலம் 2023 ஏப்ரல் 1 முதல் இல்லை. அங்கே வலையும் சரிவுப் பெட்டியும்தான் வழி.

இறந்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் கோழிகளுக்குப் பரவக்கூடும். உங்கள் கோழிகளை அரசிடம் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் அதையும் உடனே செய்துவிடுங்கள்: 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரே ஒரு கோழி வளர்த்தாலும் பதிவு கட்டாயம்.