சளிக்காய்ச்சலில் ஈரல் என்சைம் அளவு ஏறுமா?

"ஃப்ளூவுக்கு அப்பாவைத் தஞ்சாவூரில் சேர்த்தோம். ஈரல் பாதிப்பு என்கிறார்கள். நெஞ்சுச்சளிக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம்பந்தம் உண்டு. ஃப்ளூ, கொரோனா என்று சேரும் பலருக்கு எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற ஈரல் என்சைம்கள் ரத்தத்தில் ஏறும். உடம்பு முழுக்கப் பரவும் அழற்சி, ஆக்சிஜன் குறைவு, மருந்துகள் எல்லாம் சேர்ந்து ஈரலைப் பாதிக்கின்றன. எஸ்ஜிஓடி தசையிலும் இருப்பதால், அது மட்டும் ஏறினால் ஈரல்தான் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் நோய் தணியத் தணிய இறங்கிவிடும். பிலிருபினும் (மஞ்சள் காமாலையைக் காட்டும் அளவு) ஐஎன்ஆரும் (ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் அளவு) கூடினால்தான் கவலை.

சேர்ப்பதற்கு முன் வீட்டில் என்ன கொடுத்தீர்கள்? பாராசிட்டமால் 650 மாத்திரையோடு கடைச் சளி மாத்திரையும் போட்டிருந்தால், அதிலும் அதே மருந்து இருக்கலாம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம்; குடிப்பழக்கம் இருந்தால் அதற்கும் குறைவு. கீழாநெல்லி கொடுத்திருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, நம் டெல்டாவில் இதை விடவே கூடாது: அப்பா சமீபத்தில் வயல் சேற்றில் இறங்கினாரா? எலி மூத்திரம் கலந்த சேறு, தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சலிலும் இருமல் வரும், ஈரல் கெடும். கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி, மஞ்சள் இருந்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு ஆன்டிபயாட்டிக் சிகிச்சை இருக்கிறது.