அப்டேட் நின்ற ஃபோனில் புது ஆண்ட்ராய்டு: கேள்வி-பதில்

கே: என் பழைய ஃபோனின் கர்னல் (ஆண்ட்ராய்டின் அடியில் வன்பொருளை இயக்கும் மையப் பகுதி) 3.10. ஆண்ட்ராய்டு 14 ஏற்ற முடியுமா?

ப: ராம் எவ்வளவு என்று பார்க்கும் முன் கர்னலைப் பார்த்தது சரி. ஆண்ட்ராய்டு 12 முதல் நெட்வொர்க் கண்காணிப்பு இபிபிஎஃப் என்ற கர்னல் வசதியை நம்பி நடக்கிறது. 3.18 வரையான கர்னல்களில் அது தேவையான அளவுக்கு இல்லை. 2022இல் லீனியேஜ் ஓஎஸ் 19 (பழைய ஃபோன்களுக்கும் தன்னார்வலர்கள் தயாரிக்கும் ஆண்ட்ராய்டு) வந்தபோது பல பழைய மாடல்கள் பட்டியலிலிருந்து விழ இது முக்கியக் காரணம். யாராவது 14ஐ உட்கார வைத்திருந்தாலும் கேமரா, ப்ளூடூத், வோல்ட்இ (4ஜி வழி அழைப்பு) மூன்றும் வேலை செய்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். நன்றாக ஓடும் 11, தடுமாறும் 14ஐ விட மேல்.

கே: கணினியிலிருந்து கேபிள் வழியாக ஏற்றும் சைட்லோடு 47 சதவீதத்தில் நிற்கிறது. ஃபோன் போச்சா?

ப: இல்லை. கணினியில் 47இல் நின்றாலும் நிறுவல் முடிந்திருக்கலாம். ஃபோனின் ரெகவரி (ஆண்ட்ராய்டு ஓடாமலே நிறுவலைச் செய்யும் பகுதி) திரையில் பிழைச் செய்தி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை கேபிளைப் பிடுங்க வேண்டாம்.

கே: நிறுவியபின் லோகோவிலேயே சுற்றுகிறது.

ப: ஃபோன் முதல் முறை துவங்க 15 நிமிடம் வரை கொடுங்கள். அதற்கும் மேல் போனால், பெரும்பாலும் பழைய என்கிரிப்ஷன்தான் (தரவை மறைகுறியாக்கிய பூட்டு) வில்லன். டிடபிள்யூஆர்பி என்ற ரெகவரியில் சாதாரண 'வைப்' டேட்டா பகுதியின் என்கிரிப்ஷனை நீக்காது. 'ஃபார்மட் டேட்டா' கொடுக்க வேண்டும். உள்நினைவகம் முழுவதும் அழியும், படங்களை முன்பே கணினிக்கு மாற்றிவிடுங்கள். அப்படியும் சுற்றினால், நீங்கள் ஏற்றிய ரோம் (ஆண்ட்ராய்டு தொகுப்பு) கேட்கும் ஃபர்ம்வேர் (வன்பொருளோடு வரும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு ஃபோனில் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் செயலிகள் வேண்டுமென்றால் ரோமை ஏற்றிய கையோடு, ஃபோன் முதல் முறை துவங்கும் முன்பே ஏற்றுங்கள். பிறகு சேர்த்தால் அனுமதிகள் குழம்பிச் செயலிகள் வரிசையாக நின்றுபோகும்.

கே: ஐஎம்இஐ (ஃபோனின் தனி அடையாள எண்) காணாமல் போகாமல் இருக்க?

ப: எதையும் ஃபிளாஷ் செய்யுமுன் (ஃபோனில் எழுதுமுன்) அந்த எண் இருக்கும் ஈஎஃப்எஸ் பகுதியை பேக்கப் எடுத்து, ஃபோனுக்கு வெளியே வையுங்கள். அடுத்த ஃபோனின் ஈஎஃப்எஸ் உங்களுக்கு உதவாது.

கே: செக்யூரிட்டி பேட்ச் இந்த மாதத் தேதி காட்டுகிறது. வங்கிச் செயலி போடலாமா?

ப: அந்தத் தேதி ஆண்ட்ராய்டு பகுதிக்கு மட்டும். மோடம், பூட்லோடர் (ஃபோனைத் துவக்கும் நிரல்) ஃபர்ம்வேரெல்லாம் தயாரிப்பாளர் கைவிட்ட நாளிலேயே நிற்கின்றன. லீனியேஜில் 'வெண்டார்' (தயாரிப்பாளர் பகுதி) பேட்ச் தேதி தனியாகத் தெரியும்; அதைப் பாருங்கள். வேறு ரோம் ஏற்ற பூட்லோடரின் பூட்டைத் திறந்திருப்பதால் பல வங்கிச் செயலிகள் மறுக்கவும் செய்யும். அதற்காக, வேறு ரோம் இருக்கும்போதே பூட்லோடரை மறுபடி பூட்டிவிடாதீர்கள்: பல மாடல்களில் ஃபோன் அதோடு பூட் ஆகாது. வங்கி வேலைக்கு வேறு ஃபோன் வைத்துக்கொள்ளுங்கள்.