அம்மாவுக்கு எழுதியிருப்பதே நானோ மருந்துதான்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. சினைப்பைப் புற்றுநோய் ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பிவிட்டது. வயிற்றுக்குள் பல இடங்களில் சின்னச் சின்னக் கட்டிகள். கார்போபிளாட்டின், லைப்போசோமல் டாக்சோரூபிசின் என்று இரண்டு கீமோ மருந்துகளை ஏற்ற வேண்டும் என்கிறார்கள். நானோ துகளைச் செலுத்திக் காந்தத்தால் சூடேற்றிக் கட்டியை அழிக்கிறார்களாம், முடியும் கொட்டாதாம். அதற்காகக் கொஞ்சம் பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். அம்மாவுக்கு எழுதியிருப்பதிலேயே ஒன்று நானோ மருந்துதான்.

டாக்சோரூபிசின் பழைய மருந்து. கட்டியைக் கரைக்கும், ஆனால் இதயத்தையும் பதம் பார்க்கும், முடியைக் கொட்ட வைக்கும். அதைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்தால் அதுவே லைப்போசோமல். ஒரு குமிழி சுமார் 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குப் பத்தாயிரம் குமிழிகளை வரிசையாக வைக்கலாம். அமெரிக்கா 1995லேயே இதற்கு அனுமதி தந்துவிட்டது. கட்டிக்குள் அவசர அவசரமாக வளர்ந்த ரத்தக்குழாய்களில் இடைவெளி அதிகம். குமிழி அதன் வழியே கசிந்து உள்ளே போகும். அதற்காக, குறி தவறாத அம்பு என்று நினைத்துவிடாதீர்கள். விலங்குகளில் நடந்த பத்தாண்டு ஆய்வுகளை 2016ல் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சேர்ந்தது நடுமதிப்பாக வெறும் 0.7 சதவீதம். இந்த மருந்தில் உண்மையான லாபம், இதயம் பெருமளவு தப்புவதுதான். முடியும் அவ்வளவாகக் கொட்டாது.

சரி, காந்தச் சூடு. ஜெர்மனியில், மூளைக்கட்டிக்கு 2010ல் ஐரோப்பிய அனுமதி பெற்ற முறை அது. இரும்பு ஆக்சைடு துகள்களை ஊசியால் நேராகக் கட்டிக்குள்ளேயே செலுத்தி, மாறும் காந்தப்புலத்தில் வைத்துச் சூடேற்றுவார்கள். கூடவே கதிர்வீச்சும் உண்டு. பல்லில் உலோகம் அடைத்திருந்தால் அதைக்கூட எடுத்துவிட வேண்டும்! அம்மாவுக்கோ கட்டிகள் வயிறு முழுக்கச் சிதறியிருக்கின்றன. எத்தனை இடத்தில் குத்துவது?

அம்மா விஷயத்தில் சூடு எதிரி. இந்தக் குமிழிகள் உள்ளங்கை, உள்ளங்காலில் தேங்கிச் சிவப்பும் எரிச்சலும் தரும். மருந்து ஏற்றிய பிறகு சில நாட்களுக்குச் சுடுநீர்க் குளியல், சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடிப்பது, இறுக்கமான செருப்பு எதுவும் வேண்டாம். தொடங்கும் முன் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துவிடுங்கள். முதல் தடவை ஏற்றும்போது முகம் சிவந்து மூச்சு முட்டினால் உடனே நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள். டிரிப்ஸை நிறுத்தினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அப்புறம், கை எரிந்தால் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கக் கூடாது. அடுத்த தேதிக்குக் காத்திராமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள், அளவைக் குறைப்பார் அல்லது ஓரிரு வாரம் தள்ளிப்போடுவார்.