அல்சர் கிருமிக்கு கிட் மாத்திரையா, நான்கு மருந்துச் சிகிச்சையா: எது நல்லது?

எண்டோஸ்கோப்பியில் புண்ணும் எச். பைலோரி கிருமியும் இருப்பது தெரிந்து, மருத்துவர் 14 நாளுக்கு ஒரு கிட் எழுதியிருக்கிறார் என்றும், இதே நோய்க்கு உங்கள் மைத்துனருக்கு வேறோர் ஊரில் நான்கு வகை மருந்துகள் கொடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன், பள்ளி ஆசிரியன். இரண்டு சிகிச்சைகளையும் அடுத்தடுத்து எடுத்துக்கொண்டவன் என்ற ஒரே தகுதியில்தான் பதில் சொல்கிறேன். இதையெல்லாம் மருத்துவரிடமே கேட்கலாமே என்று பின்னூட்டம் இட வருபவர்கள், நாம் வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடும் கிளினிக்குகளில் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் கிட்டில் பெரும்பாலும் கிளாரித்ரோமைசின் 500 மி.கி., அமாக்ஸிசிலின் 1 கிராம், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று ஆகிய மூன்றும் காலையும் இரவும் போடும்படி இருக்கும். பென்சிலின் ஒவ்வாமை உண்டென்றால் இன்றே சொல்லிவிடுங்கள். மைத்துனருக்குக் கொடுத்தது பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலக் குறைப்பு மாத்திரை ஆகியவையாக இருக்கக்கூடும்.

எனக்கும் முதலில் கிட்தான். நாக்கில் எந்நேரமும் ஒரு கசப்பு நின்றதே தவிர வேறு தொல்லை இல்லை, வலியும் போயிற்று. ஆனால் அமிலத்தைக் குறைத்தாலே வலி அடங்கிவிடும். கிருமி செத்தது என்பதற்கு அது சாட்சியாகாது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டும் வரை அல்சர்காரர்களின் கதை இதுதான்: மாத்திரை போட்டால் ஆறும், விட்டால் திரும்ப வரும். எனக்கும் திரும்ப வந்தது. வெறும் வயிற்றில் ஒரு கேப்ஸ்யூலை விழுங்கச் செய்து, சற்று நேரம் கழித்துக் குழாயில் ஊதச் சொல்லும் மூச்சுப் பரிசோதனையில், கிருமி அப்படியே இருப்பது தெரிந்தது.

இரண்டாவதாகப் பார்த்த குடல்நோய் மருத்துவர், சில ஆண்டுகளாக நான் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்குகள் எவை என்றுதான் முதலில் கேட்டார். பாடம் நடத்தித் தொண்டை கட்டும்போதெல்லாம் பள்ளிக்கு அருகிலிருந்த கிளினிக்கில், பெயர் எதுவும் எழுதாத காகித உறையில் போட்டுக் கொடுத்த மாத்திரைக்கு நான் என்ன பெயர் சொல்வது? மருந்துக் கடைகளும் அட்டையைக் கத்தரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைத் தாங்கள் வைத்துக்கொண்டு, வெற்றுப் பக்கத்தைத்தான் நம் கையில் கொடுக்கின்றன. இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மனைவி மீத மாத்திரைகளைப் போட்டுவைத்த பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தபோது, வெட்டுப்பட்ட ஓர் அட்டையின் பின்னால் ‘அசித்ரோ’ என்பது வரை மட்டும் மிஞ்சியிருந்தது. அசித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் ஒரே குடும்பம் என்பதால், ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதற்கும் அடங்காது என்று மருத்துவர் விளக்கினார்.

பிறகு நான்கு மருந்துச் சிகிச்சை. அதை எளிது என்று சொல்ல மாட்டேன். டெட்ராசைக்ளினுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் டாக்ஸிசைக்ளினை நீட்டி எல்லாம் ஒன்றுதான் என்றார். இந்தக் கிருமியிடம் அது அவ்வளவாகப் பலிப்பதில்லை என்று மருத்துவர் தடுத்துவிட்டார். பால், தயிர், இரும்புச்சத்து மாத்திரை எதையும் டெட்ராசைக்ளினோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பதால், மோர்ச்சோறு இல்லாமல் சாப்பாடு முடியாத எனக்கு அந்த நாள்கள் சோதனையாகவே இருந்தன. மெட்ரோனிடசோல் போடும் நாள்களில் மதுவும் ஆகாது. பிஸ்மத்தால் மலம் கருப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு, தலைசுற்றலும் சேர்ந்தால் அது புண்ணிலிருந்து கசியும் இரத்தமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிட் எழுதும் மருத்துவர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிருமி கிளாரித்ரோமைசினுக்குக் கட்டுப்படுவதாக இருந்தால் அது நல்ல மருந்துதான், இரண்டு வேளையோடு முடிவதால் நோயாளியும் விடாமல் சாப்பிடுவார். ஆனால் கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத கிருமிகள் 15 சதவீதத்துக்கு மேல் உள்ள இடங்களிலும், அளவு தெரியாத இடங்களிலும் பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துகளையே முதலில் கொடுக்கலாம் என்று ஐரோப்பிய நிபுணர் குழுவின் 2022ஆம் ஆண்டு மாஸ்ட்ரிக்ட் கருத்தறிக்கை பரிந்துரைக்கிறது. அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்களின் அமைப்பான ஏ.சி.ஜி.யின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அதே பக்கம்தான் நிற்கிறது.

கிட்டைத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் நடுவில் நிறுத்தாதீர்கள். தொடங்கவில்லை என்றால், முன்பு அசித்ரோமைசின் வகை மாத்திரைகள் சாப்பிட்டதுண்டா என்று பழைய சீட்டுகளைப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். எதைச் சாப்பிட்டாலும், ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, அமில மாத்திரையை மருத்துவர் சம்மதத்தோடு 2 வாரம் நிறுத்திய பிறகு, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்ளுங்கள். அமில மாத்திரையை நிறுத்தாமல் செய்தால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.