அம்மாவுக்கு கை முடியல, இனிமே தலை பின்றது என் வேலை: எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

கேள்வி கடலூர் திருப்பாதிரிப்புலியூர்லேருந்து ஒரு காலேஜ் பொண்ணு கேட்டது. இத்தனை வருஷமும் அம்மாதான் தலை பின்னி விட்டாங்களாம், இப்ப அம்மாவுக்கு தோள்பட்டை இறுகிப்போய் கையைத் தூக்க முடியல. 6வது படிக்கிற தங்கச்சிக்கு ஸ்கூலுக்கு ரெட்டை ஜடை மடிச்சு கட்டணும், இவ பின்னி விட்டா ப்ரேயர் முடியறதுக்குள்ள ஒரு பக்கம் தொங்கிடுது. தன் தலையை பின்னப் போனா பாதியிலேயே கை கடுக்குது. அடுத்த மாசம் சித்தி பொண்ணு கல்யாணம் வேற, அதுக்கு உச்சிலேருந்தே முடியை சேத்துக்கிட்டே பின்ற பிரெஞ்ச் ப்ளெய்ட் போடணும்னு ஆசை, வீடியோ பாத்தா எது எதுக்கு மேல போகுதுன்னே புரியலையாம்.

முதல்ல கூச்சத்தை விடு மா. புதுச்சேரி முத்தியால்பேட்டையில பார்லர் வச்சிருக்கேன், எங்கிட்ட வேலை கத்துக்க வர்ற பொண்ணுங்கள்லயே எத்தனையோ பேர் தன் தலையை தானே பின்னினது கிடையாது, வீட்ல அம்மாவோ ஆயாவோ உக்கார வச்சு பின்னி விட்டே வளந்ததுங்க. அதுங்களுக்கு நான் முதல் நாள் சொல்றதுதான் உனக்கும்: பின்றதுக்கு முடியை மூணா பிரிக்கறோம்ல, அதுல ஒவ்வொண்ணும் ஒரு கால், வீடியோல காட்றது எந்த கால் எந்த கால் மேல போகுதுங்கறத மட்டும்தான், அது 10 நிமிஷத்துல வந்துடும். இடது ஓரத்துக் காலை நடு கால் மேல போடு, அப்புறம் வலது ஓரத்துக் காலை நடு மேல போடு, மாத்தி மாத்தி இதேதான் கடைசி வரைக்கும். உன் தங்கச்சி ஜடை தொங்கறதுக்கு காரணம் இது இல்ல, பிடி. ஒரு கையிலேருந்து இன்னொரு கைக்கு காலை மாத்தற அந்த ஒரு நொடில பிடி தளருது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா தளந்து மொத்த ஜடையும் லூஸாயிடுது.

அதனால தங்கச்சி தலைல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஜன்னல் கம்பில பழகு. மூணு வேற வேற கலர்ல பழைய துப்பட்டா எடுத்து கம்பில சேத்து முடிச்சு போட்டு பின்னு, கலர் வேறயா இருந்தா எந்த கால் எங்க போச்சுன்னு கண்ணுக்கே தெரியும். இங்க கவனிக்க வேண்டியது விரல்தான். காத்திருக்கற காலை சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளங்கையோட அமுக்கிப் பிடிச்சிருக்கணும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் காலை மாத்தற வேலைய செய்யணும். ஒவ்வொரு தடவை குறுக்க போட்டதும் ரெண்டு கையையும் பக்கவாட்டுல லேசா விரிச்சு இழு, பின்னல் மேல ஏறி இறுகி உக்காரும். கீழ் பக்கமா மட்டும் இழுத்தா நீளமா தெரியுமே ஒழிய இறுகாது. கண்ணை மூடிட்டு பின்ன வர்ற வரைக்கும் ஜன்னலை விடாத, ஏன்னா உன் தலைய நீ பின்னும்போது கண்ணு உதவிக்கு வராது.

இப்ப தங்கச்சி தலை. சிக்கு எடுக்கறத நுனிலேருந்து ஆரம்பிச்சு மேல ஏறு, நிறைய பேர் உச்சிலேருந்து ஒரே இழுப்பா இழுத்து சிக்கை எல்லாம் கீழ கொண்டு போய் ஒரே முடிச்சா ஆக்கிடறாங்க, குழந்தை அழுவுதுன்னா பாதி இதனாலதான். அகல பல் சீப்பு வச்சுக்க. வகிடுக்கு வால் சீப்பு, அதோட வாலை மூக்குக்கு நேரா நெத்தில வச்சு உச்சி வழியா பிடரி வரைக்கும் ஒரே கோடா இழு. முன்னாடி வகிடு நேரா இருந்தும் பின்னாடி கோணிக்கிட்டு போனா ஒரு ஜடை தடியா இன்னொன்னு ஒல்லியா வரும், தடிப்பக்கம்தான் உனக்கு தொங்குது, நீ பாத்தா தெரியும். ரெண்டு பக்க முடியையும் ரெண்டு கைல பிடிச்சு கனம் ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் பின்ன ஆரம்பி.

பின்னும்போது புள்ள தலையை குனிஞ்சு புக்கோ போனோ பாத்துட்டிருந்தா வேலைக்கு ஆகாது. குனிஞ்ச தலைல இறுக்கமா தெரியற ஜடை நிமிந்ததும் பிடரிகிட்ட பை மாதிரி தொங்கும். நேரா பாக்க சொல்லு. உன் கையும் தலையை ஒட்டியே இருக்கட்டும், முடியை உன் பக்கமா தூக்கி இழுத்து பின்னினா ஆரம்பமே விலகி நிக்கும்.

ரிப்பனை கடைசில நுனில கட்டினா வழவழன்னு நழுவிடும். பின்னல் பாதி வந்ததும் ரிப்பனை நடுவுல மடிச்சு, அந்த மடிப்பை ஜடைக்குப் பின்னாடி வச்சு, ரெண்டு முனையையும் ரெண்டு ஓரக் காலோட சேத்துக்கிட்டு பின்னு. நுனி வந்ததும் அதே ரிப்பனால ஒரு சுத்து சுத்தி இறுக்கி முடிச்சு போட்டு, ஜடைய மேல மடிச்சு காதுக்கு பின்னாடி பின்னல் ஆரம்பிச்ச இடத்துல சுத்தி கட்டி பூ போடு. இது பி.டி. பீரியடுக்கும் தாங்கும்.

இறுக்கமா பின்னணும்னு சொன்னதும் உயிர் போற மாதிரி இழுத்துடாத மா, இதுல எனக்கு ரொம்ப கவலை உண்டு. இறுக்கம் பின்னலுக்குள்ள இருக்கணும், வேர்ல இருக்கக் கூடாது. புருவம் மேல இழுத்த மாதிரி தெரிஞ்சா, சாயங்காலம் தலை வலின்னு சொன்னா, நெத்தி ஓரத்துல குட்டி குட்டியா கொப்புளம் வந்தா அவுத்துட்டு திரும்ப போடு. வருஷக்கணக்கா இப்படியே இழுத்துக் கட்டினா நெத்தி ஓர முடி கொட்டும், இதுக்கு ட்ராக்‌ஷன் அலோபீசியான்னு பேரு. ஆரம்பத்துல நிறுத்தினா முடி திரும்ப வளரும், வேர் தழும்பு ஆயிட்டா அந்த இடத்துல வளராது. லீவு நாள்ல ஒத்தை ஜடை, இல்ல தளர்வா ஒரு கட்டு போட்டு விடு, வகிடையும் அப்பப்ப கொஞ்சம் மாத்து.

ஈரத்தலையோட பின்னவும் வேண்டாம். கடலூர்லயும் சரி எங்க புதுச்சேரிலயும் சரி, கடல் காத்து ஈரத்துல காலைல குளிச்ச முடி பஸ் வர்றதுக்குள்ள காயாது, ஈர முடி ரப்பர் மாதிரி இழுபடும், அந்த நேரம் பலம் கம்மி, இழுத்தா அறுந்துடும். தலைக்கு ஊத்தறத சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை வச்சுக்க. அலசின அன்னிக்கு முடி நழுவிட்டே இருக்கும், உள்ளங்கைல நாலு சொட்டு தேங்கா எண்ணெய் தேச்சு மேலாப்ல தடவினா கைல நிக்கும்.

உன் தலைக்கு வர்றேன். கண்ணாடி முன்னாடி நிக்காத, அதுல வலது இடது மாறி தெரிஞ்சு கை குழம்பும், அதுவே பாதி பிரச்சனை. பிடரில நாலு பின்னல் மட்டும் கையால தடவியே போட்டுட்டு உடனே ஜடைய தோள் மேல முன்னாடி கொண்டு வந்துடு, மீதிய மடியில பாத்துக்கிட்டே பின்னலாம். பின்னாடி போடற நேரத்துக்கு முழங்கைய நாற்காலி முதுகுலயோ சுவத்துலயோ சாய்ச்சுக்க. ரெண்டு வாரத்துல கை கடுக்கறது நின்னுடும்.

பிரெஞ்ச் ப்ளெய்ட்டும் அதே மூணு கால்தான், பயப்படாத. உச்சில கொஞ்சூண்டு முடி எடுத்து மூணா பிரிச்சு ரெண்டு தடவை சாதாரணமா பின்னு, அதுக்கப்புறம் ஓரக் காலை நடுவுல போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்து முடில ஒரு விரல் தடிமன் எடுத்து அந்தக் காலோட சேத்துட்டு போடு. எடுக்கற அளவு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா போதும், பிடரி வந்ததும் சேக்க முடி இருக்காது, மீதி சாதாரண ஜடை. கல்யாணத்துக்கு முன்னாடி தங்கச்சி தலைல பத்து தடவையாவது போட்டு பாத்துடு, முதல் தடவை உன் தலைல வேண்டாம். காலை மேல போடாம அடியில விட்டு பின்னினா பின்னல் தூக்கலா மேல எழும்பி நிக்கும், அது டச் ப்ளெய்ட், முடி கம்மியா இருக்கறவங்களுக்கு அது இன்னும் எடுப்பா இருக்கும்.

பூ வைக்கும்போது மல்லிச் சரத்தை ஒரே இடத்துல தொங்க விட்டா அந்த கனத்துல பின்னல் சரியும், பின்னல் மேல அரை வட்டமா வளைச்சு நாலஞ்சு இடத்துல பின் குத்து. சாதா ஹேர்பின்ல நெளிநெளியா இருக்கற பக்கம் தலையை ஒட்டி கீழ வரணும், பார்லர் வர்றவங்க முக்கால்வாசி பேர் இதை தலைகீழாதான் குத்திட்டு வராங்க, அதான் நழுவுது. யூ பின்னை பின்னலுக்கு வெளிப்பக்கம் பாத்து கொஞ்சம் முடியை அள்ளி, அப்படியே திருப்பி உள்ள தள்ளு. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பின்னை எல்லாம் எண்ணி எடுத்துட்டு அப்புறம் பூவை கழட்டு, பூவை முதல்ல பிடிச்சு இழுத்தா நார்ல சிக்கி முடியும் சேந்து வரும்.