ஓட்டை விழுந்த கீரைதான் இயற்கைக் கீரையா?

பருவக் காய்கறிகள், இயற்கை விளைச்சல், அவற்றை விளைவிப்பவர்கள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: இலையில் ஓட்டை இருந்தால்தான் மருந்து அடிக்காத கீரை என்கிறார்கள். அதை நம்பி வாங்கலாமா?

பதில்: கூடாது. மருந்துக்குப் பழகிப்போன புழு, மருந்து அடித்த வயலிலும் இலையைச் சல்லடையாக்கும். நாற்றுப் பருவத்திலிருந்தே பூச்சிவலை போர்த்தி வளர்க்கும் இயற்கை வயலிலிருந்து ஓட்டையே இல்லாத கீரை வரும். நிறம், அளவு, கோணல்மாணல் எதுவும் சாட்சி ஆகாது. கீரையைப் பார்ப்பதைவிட விளைவித்தவரிடம் பேசுவது மேல்.

இந்தப் பாத்தியில் போன பருவம் என்ன இருந்தது என்று கேளுங்கள். முட்டைக்கோஸுக்குப் பின் மறுபடியும் முட்டைக்கோஸோ காலிஃபிளவரோ போட்டால் அதே புழுவும் அதே வேர்நோயும் மண்ணிலேயே காத்திருக்கும். நடுவில் பயறு வகையோ வெங்காயமோ போட்டிருந்தால் அவர் பயிர்ச் சுழற்சி தெரிந்தவர். தழைச்சத்துக்கு என்ன இடுகிறார், நாற்று எங்கிருந்து வருகிறது, பக்கத்து வயலில் மருந்து அடித்தால் காற்று எந்தப் பக்கம் வீசும், நடுவே வேலியோ மரவரிசையோ உண்டா என்றும் கேளுங்கள். இந்த ஆண்டு எந்தப் பூச்சி அதிகம் படுத்தியது, அதற்கு என்ன செய்தார் என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். நிஜமாகப் பயிர் செய்கிறவர் இதற்கு அரைமணி நேரம் பதில் சொல்வார். ‘நம்ம வயலுக்குப் பூச்சியே வராது’ என்பவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

கேள்வி: இயற்கை விவசாயத்தில் எதையுமே தெளிக்கமாட்டார்கள்தானே?

பதில்: தெளிப்பார்கள். செயற்கை ரசாயனங்களுக்குத்தான் தடை. வேப்பெண்ணெய், கந்தகம், செம்பு உப்புகள், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா ஆகியவற்றுக்குப் பெரும்பாலான நாடுகளின் இயற்கை வேளாண் விதிகளில் நிபந்தனையோடு இடம் உண்டு. அந்தப் பாக்டீரியா, இலையைத் தின்னும் புழுவின் குடலில் போய்த்தான் வேலை செய்யும். இளம் புழுவுக்குப் பலிக்கும், பெருத்த புழுவுக்கு அவ்வளவாகப் பலிக்காது. வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் தெளிக்க வேண்டும். வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி அளவில், சோப்புக் கரைசலோடு கலந்து அடிப்பது வழக்கம். உச்சிவெயிலில் அடித்தால் இலை கருகும். எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தாலும் அதே கதைதான்.

யோசிக்க வேண்டியது செம்பைப் பற்றி. அது சிதையாத உலோகம். மண்ணிலேயே சேர்ந்து மண்புழுவைப் பாதிக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆக, இயற்கை விளைச்சலையும் கழுவித்தான் சாப்பிட வேண்டும்.

கேள்வி: சான்றிதழ் இல்லாதவரிடம் வாங்கலாமா?

பதில்: வயலுக்கு நேரில் போக முடியும் என்றால் தாராளமாக வாங்கலாம். முடியாது என்றால் சான்றிதழ் வேண்டும். ரசாயனத்தை நிறுத்திய அன்றே வயல் இயற்கை வயலாகிவிடாது. ஐரோப்பிய விதிப்படி, ஒருபருவப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டும், பழமரம் போன்ற பல்லாண்டுப் பயிருக்கு அறுவடைக்கு முன் 3 ஆண்டும் கடந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் எல்லாப் பயிருக்கும் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள். இந்தக் காலத்தில் விவசாயிக்கு விளைச்சல் குறையலாம், முழு விலையும் கிடைக்காது. மாறும் காலத்து விளைச்சல் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பவரை ஒதுக்காதீர்கள். உங்கள் பணம் அதிகம் உதவுவது அங்கேதான்.

சான்றிதழைக் காட்டினால் முத்திரையை மட்டும் பார்க்காதீர்கள். காலாவதித் தேதி, பயிர்ப் பட்டியல், நிலத்தின் பரப்பு மூன்றையும் படியுங்கள். பட்டியலில் தக்காளியே இல்லாதவர் தக்காளி விற்றால், அது வேறெங்கிருந்தோ வந்த சரக்கு.

கேள்வி: விவசாயி வாரந்தோறும் எங்களுக்கு அனுப்பும் காய்கறிக் கூடையில் மூன்று வாரம் முள்ளங்கியாகக் குவிந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. அவர் திட்டமிடத் தெரியாதவரா?

பதில்: திட்டமிட்டிருந்தாலும் இப்படி நடக்கும். முள்ளங்கி 25–30 நாளில் வரும், பீன்ஸுக்கு 50–60 நாள், கேரட்டுக்கு 70–90 நாள் ஆகும். தட்டாமல் கிடைக்க வேண்டுமென்றால் முள்ளங்கியை வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை விதைக்க வேண்டும். ஆனால் குளிரில் போட்ட விதை மெதுவாகவும், பத்து நாள் கழித்துச் சூடு ஏறியதும் போட்ட விதை வேகமாகவும் வளர்ந்து, இரண்டும் ஒரே வாரத்தில் அறுவடைக்கு வந்து நிற்கும். அனுபவசாலிகள் நாட்காட்டியைப் பார்க்காமல் பாத்தியைப் பார்த்து விதைப்பார்கள்: முன்பு போட்டதில் வித்திலைக்கு (விதையிலிருந்து முதலில் வெளிவரும் இலை) பின் முதல் நிஜ இலை விரிந்ததும் அடுத்த விதைப்பு.

தக்காளியின் கணக்கு இன்னும் சிக்கல். பகலில் 35 டிகிரி, இரவில் 24 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழந்து பூ உதிரும். பூத்ததிலிருந்து பழுக்க ஆறு முதல் எட்டு வாரம் என்பதால், அந்தச் சூட்டின் விளைவு ஒன்றரை மாதம் கழித்து உங்கள் கூடையில்தான் தெரியும். அன்றைக்கு வானிலை இதமாக இருக்கும், நீங்கள் விவசாயியைத் திட்டுவீர்கள்!

கேள்வி: இயற்கைக் காய்கறி மூன்றே நாளில் வாடிவிடுகிறதே?

பதில்: பறித்தபின் மெழுகும் பூஞ்சணக்கொல்லியும் பூசாதது ஒரு காரணம், வெள்ளரி, ஆரஞ்சு போன்றவற்றில் இது தெரியும். கீரைக்கு அந்தச் சாக்குச் செல்லாது. வெயிலில் பறித்து, வயல் சூடு தணியாமலே மூட்டை கட்டினால் எந்தக் கீரையும் வாடும். விடியலில் பறித்து நிழலில் ஆறவைக்கிறாரா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வாடிய கீரையைக் குளிர்ந்த நீரில் 10–15 நிமிடம் போட்டால் நிமிர்ந்துவிடும். பிறகு ஈரத்தை நன்றாக உதறி, துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் அழுகும், சுற்றாமல் வைத்தால் காயும். கேரட், பீட்ரூட் இலைகளை இரண்டு சென்டிமீட்டர் காம்பு விட்டு உடனே வெட்டுங்கள். இல்லாவிட்டால் இலை கிழங்கின் நீரை உறிஞ்சிவிடும். தக்காளி, கத்தரி, வெள்ளரி மூன்றும் 10 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் கெடும். ஆப்பிள், வாழைப்பழம், பழுத்த தக்காளி விடும் எத்திலீன் வாயு பட்டால் கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும். எனவே தனித்தனியே வையுங்கள்.

கேள்வி: இருபது, முப்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு விவசாயியிடம் நேரடியாக வாங்க நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது?

பதில்: விதைப்புக்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டும், அறுவடை நேரத்தில் போய் நின்றால் நீங்களும் இன்னொரு வியாபாரிதான். ஜப்பானில் 1970களில் வேர்விட்ட ‘தெய்க்கே’ முறை இதற்கு நல்ல முன்னோடி. என்ன பயிர், எவ்வளவு என்று விவசாயியும் வாங்குவோரும் சேர்ந்து திட்டமிடுவார்கள், விளைந்ததை வாங்குவோர் முழுக்க வாங்கிக்கொள்வார்கள்.

இன்னின்ன காய் என்று வாக்குறுதி கேட்காதீர்கள். வாரம் இத்தனை கிலோ, ஆறிலிருந்து எட்டு வகை என்று கேளுங்கள். இருபது வகை கேட்டால் எதிலும் கவனம் நிற்காது. தேவையைவிட நாலில் ஒரு பங்கு கூடுதலாக விதைத்தால் பூச்சிக்கும் மழைக்கும் போக மிஞ்சும். விதை, உரம், ஆரம்பக் கூலிக்கு ஆகும் தொகையை முன்பணமாகக் கொடுங்கள். பயிர் அழிந்தால் யார் தலையில் எவ்வளவு என்பதை அப்போதே எழுதிவையுங்கள்.

குழுக்கள் உடைவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, வீடுவீடாகக் கொண்டுவரச் சொல்வது. ஒரே இடத்தில் இறக்கி, முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஊருக்குப் போகிறோம் என்று கூடையை ரத்து செய்வது. வயலுக்கு விடுமுறை கிடையாது, உங்கள் பங்கை வேறொருவருக்கு மாற்றிவிடுவது உங்கள் பொறுப்பு. மூன்றாவதுதான் மோசம்: கூடை குறையும் வாரத்தில் விவசாயி சங்கடப்பட்டு வெளிச்சந்தையில் வாங்கி நிரப்புவது. வெளியில் வாங்கியதைத் தனியே குறித்துத் தர வேண்டும், குறைந்த கூடைக்கு யாரும் முகம் சுளிக்கக்கூடாது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாண உரம் இட்ட வயலின் கீரையைப் பச்சையாகச் சாப்பிடலாமா?

பதில்: மட்கிய உரமா, பச்சைச் சாணமா என்பதைப் பொறுத்தது. பச்சைச் சாணத்தை மண்ணில் கலந்தால், மண்ணைத் தொடும் பயிரை அறுக்க 120 நாளும், தொடாத பயிருக்கு 90 நாளும் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. வரிசையாகக் குவித்து மட்கவைக்கும் உரம் 55 டிகிரிக்கு மேல் 15 நாள் இருந்து, அதற்குள் குறைந்தது ஐந்து முறை புரட்டப்பட்டிருக்க வேண்டும். குவியலுக்குள் வெப்பமானி செருகிப் பார்க்கும் பழக்கம் உண்டா என்று உங்கள் விவசாயியிடம் கேளுங்கள். இல்லை என்றால் அந்தக் கீரையைச் சமைத்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: காலிஃபிளவர் புழுவுக்கு என்ன வழி?

பதில்: லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு கலந்த நீரில், பூவைக் கவிழ்த்து 15 நிமிடம் வையுங்கள். ஒளிந்திருக்கும் புழுக்களில் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும். அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி ஒட்டிக்கொண்டே இருக்கும். துண்டுகளாக்கிக் குழாய் நீரில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள்.